சாப்பாட்டுக் கடையில் உப்பைக் குறைப்பது எப்படி? (கொத்து, கறி, பாண், மிக்சர்)

டவுன்கடை_ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டன் டவுனில் சாப்பாட்டுக் கடை. காலையில் ரொட்டி, பாண், பருப்பு, கட்டசம்பல். பகலுக்குச் சோறும் கறியும். பொழுதுபட்டால் கொத்தும் ஃபிரைட் ரைஸும். கடைக்குப் பின்னால் மிக்சர் பொரித்து, 100 கிராம் பக்கெட்டில் அடைத்துத் தோட்டத்துக் கடைகளுக்கும் கொடுக்கிறோம்.

பிரஷருக்குக் குளிசை எடுக்கிற வாடிக்கையாளர் நிறையப் பேர். "உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்று கேட்கிறார்கள். குறைத்துக் கொடுத்தால் அவர்களே "சப்புனு இருக்கு" என்று சோஸ் போத்தலைத் தேடுகிறார்கள். கிளினிக்கில் சொன்னபடி அவர்கள் சாப்பிட வேண்டும், ருசியும் கெடக்கூடாது. இதற்கு ஒழுங்கான முறை வேண்டும்.

இப்போதைய அளவு: பராட்டாவுக்கு ஒரு கிலோ மாவில் 20 கிராம் உப்பு, அதில் 16 பராட்டா வரும். ஒரு தட்டுக் கொத்துக்கு மூன்று பராட்டா. சோயா சோஸ், மேலே போடும் உப்பு எல்லாம் கைக்கணக்கு. மிக்சர் 10 கிலோவுக்குக் கடலை மாவில் 80 கிராம், மிளகாய்த்தூள் கலவையில் 60, பொரித்த பிறகு தூவ 60. பக்கெட்டில் உப்புக்குச் சிவப்பு நிறக்குறிதான் போட வேண்டியிருக்கிறது, அதைச் செம்மஞ்சளுக்குக் கொண்டுவர முடியுமா? பொட்டாசியம் கலந்த உப்பு ஒன்று விற்கிறார்களே, கடை முழுக்க அதற்கு மாறினால் வேலை முடிந்துவிடுமா? எங்கே தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சமையல்கட்டு_நாவலப்பிட்டி

தம்பி, நீங்க கொடுத்த அளவை வச்சே கணக்குப் போட்டுடலாம்.

மூணு பராட்டாவுல மட்டும் 3.75 கிராம் உப்பு போயிடுது. குழம்பு ஒரு கரண்டி 100 மில்லின்னு வைங்க. கடைக் குழம்பு சாதாரணமா நூத்துக்கு ஒன்றரை கிராம் உப்புல நிக்கும், அது 1.5. கோழித் துண்டுகளோட 0.7. சோயா சோஸ்ல நூறு மில்லிக்கு ஏறக்குறைய 16 கிராம் உப்பு இருக்கு, 10 மில்லி ஊத்தினா 1.6. கடைசியா கல்லுல விரலால அள்ளிப் போடுற உப்பு அரைத் தேக்கரண்டி, அது 2.5. கூட்டிப் பாருங்க, 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஆளுக்கு ஒரு நாள் முழுசுக்கும் சொல்ற அளவு 5 கிராமுக்குக் கீழ. ராத்திரி ஒரு தட்டுக் கொத்துலயே ரெண்டு நாள் உப்பு.

வாடிக்கையாளர் "குறைச்சுப் போடுங்க"ன்னு சொன்னதும் கொத்துப் போடுற ஆள் என்ன செய்வார்? கடைசியா விரலால போடுற உப்பை மட்டும் விட்டுடுவார். அதுதான் தப்பு. சாப்பாட்டுக்கு மேல ஒட்டியிருக்கிற உப்புதான் நாக்குல முதல்ல கரையும், முழுசா ருசிக்கும். மாவுக்குள்ள பிசைஞ்ச உப்புல பாதி நாக்குக்குத் தெரியாமலே வயித்துக்குப் போயிடும். ருசி தர்ற உப்பை நிறுத்திட்டு, ருசி தராத உப்பை அப்படியே விடுறோம். அதனாலதான் சப்புனு இருக்கு. சப்புனு இருந்தும் அந்தத் தட்டுல ஏழரை கிராம் உப்பு உள்ள இருக்கு!

அதனால குறைக்க வேண்டிய வரிசையைத் திருப்புங்க. முதல்ல பராட்டா மா, அடுத்தது குழம்பு, அப்புறம் சோஸ். கல்லுல போடுறதைக் கடைசியில தொடுங்க.

பராட்டா மாவுல 20 கிராமை 18, 16, 14, 12ன்னு ரெண்டு கிழமைக்கு ஒரு தடவை இறக்குங்க. ஒரேயடியா 12க்குப் போனா மா நெகிழும், கையில ஒட்டும், வீசும்போது கிழியும், ஏன்னா மாவோட பசையை இறுக்கிப் பிடிக்கிறதே உப்புதான். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் தண்ணியை கிலோவுக்கு 5 மில்லி கழிச்சுப் பாருங்க, மா பழையபடி வந்திடும். தேங்காய் ரொட்டிக்கு இன்னும் சுலபம். ரொட்டியைக் கட்டசம்பலோடதான் சாப்பிடுறாங்க. சம்பல்ல உப்பு இருந்தா ரொட்டி மாவுக்கு கிலோவுக்கு 8 கிராம் தாராளம்.

இனி அளக்குற முறை. கல்லுப்பைக் கையால அள்ளுற வரைக்கும் எந்தக் கணக்கும் நிக்காது. நம்ம பக்கம் பனி மூட்டத்துல உப்பு எப்பவும் ஈரம் குடிச்சிருக்கும், கரண்டிக்குக் கரண்டி நிறை மாறும். உப்புத் தண்ணி நம்ம ஆளுங்க எல்லாருக்கும் பழக்கம்தான், ஆனா அதையும் கண்ணளவுலதான் கரைக்கிறாங்க. அடியில உப்பு கரையாமக் கிடக்க மேல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா, லீட்டருக்கு 300 கிராமுக்கு மேல உப்பு ஏறி நிக்கும்.

இப்படிச் செய்யுங்க. தராசுல 200 கிராம் அயடின் உப்பு நிறுத்து எடுங்க. முக்கால் லீட்டர் சுடுதண்ணியில முழுசாக் கரைச்சு, துணியில வடிங்க. ஆறினதும் தண்ணி விட்டு மொத்தம் சரியா ஒரு லீட்டர் ஆக்குங்க. இப்போ 5 மில்லியில 1 கிராம் உப்பு. பாணி மருந்தோட வர்ற 5 மில்லி கரண்டியைப் போத்தல் கழுத்துல கட்டித் தொங்க விடுங்க. கொத்துக்கு ஒரு கரண்டி, முட்டை போட்ட பிறகு, இறக்குறதுக்கு முன்னாடி. மூடியில ஓட்டை போட்டுத் தெளிச்சா இன்னும் நல்லாப் பரவும். கல்லுப்பைக் கொத்துக் கல்லுப் பக்கத்துல இருந்து எடுத்துடுங்க. பக்கத்துல இருந்தா கை தானாப் போகும்.

மா 12க்கு வந்ததும் பராட்டாவுல 2.25. குழம்பை நூத்துக்கு ஒண்ணுக்குக் கொண்டு வந்தா 1. கோழி 0.5. சோஸ் 5 மில்லி, 0.8. உப்புத் தண்ணி 1 கிராம். மொத்தம் ஐந்தரை. இன்னும் கூடத்தான், ஆனா பாதியாயிடுச்சு. இதுக்கு மேல குறையணும்னா ரெண்டு பராட்டாவுல சின்னத் தட்டு ஒண்ணு போட்டு, கோவா, கரட், லீக்ஸ் கூட்டுங்க. நம்ம ஊர்ல மரக்கறிக்குக் குறை இல்லையே.

பேக்கரி_பாஸ்_வெலிமடை

பாணைப் பத்தி யாரும் பெரிசா எடுக்க மாட்டாங்க. பாண் நாக்குக்கு உப்பாத் தெரியாது, அதனால. 450 கிராம் பாணுக்கு ஏறக்குறைய 300 கிராம் மா போகும். மாவுக்கு 2 சதவீதம் உப்புன்னா ஒரு பாணுல 6 கிராம். காலையில அரைப் பாண் சாப்பிட்டுக் கொழுந்து பறிக்கப் போற ஆளுக்கு, பருப்பையும் சம்பலையும் தொடாமலே 3 கிராம் சேர்ந்திடுது.

நீங்க பாண் வெளியில வாங்கினா அந்த பேக்கரிகாரரோட பேசுங்க. 2 சதவீதத்தை 1.2 வரைக்கும் கொண்டு வர முடியும். அவுஸ்திரேலியாவில கிழமைக்கு 5 சதவீதமா ஆறு கிழமையில பாண் உப்பைக் கால் பங்கு குறைச்சுப் பார்த்திருக்காங்க, சாப்பிட்டவங்களுக்கு வித்தியாசமே தெரியலை. 2003ல வந்த ஆய்வு அது. பிரித்தானியாவில பாண் உட்பட எல்லாப் பொதி உணவிலயும் இப்படிச் சத்தமில்லாமக் குறைச்சுத்தான், 2001க்கும் 2011க்கும் இடையில நாட்டோட சராசரி உப்பு 9.5 கிராமில இருந்து 8.1க்கு இறங்கினது. விளம்பரம் போட்டுக் குறைக்கத் தேவையில்லை. "உப்புக் குறைஞ்ச பாண்"னு எழுதி வச்சாலே சாப்பிடுற ஆள் சப்புனு இருக்குன்னு சொல்லுவார்.

வேலைத்தளத்துல என்ன கெடும்னு சொல்றேன். உப்பு ஈஸ்டை அடக்கி வைக்கிற சாமான். உப்புக் குறைஞ்சா மா வேகமாப் பொங்கும், கவனிக்காட்டி அச்சுக்கு மேல ஏறி அவணுக்குள்ள அமுங்கும். ஈஸ்ட் சீனியை அதிகம் தின்னுடுறதால பாண் மேல்தோல் வெளிறிப் போகும். இதுக்கு மருந்து ஈஸ்டைக் குறைக்கிறதுதான், உப்பு கால் பங்கு குறைஞ்சா ஈஸ்ட் பத்துல ஒரு பங்கு குறைச்சுத் தொடங்குங்க. நுவரெலியா, வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கம் நமக்கு இதுல ஒரு வசதி இருக்கு. குளிருக்கு மா பொங்காதுன்னு ஏற்கெனவே ஈஸ்டைக் கூட்டித்தான் போடுறோம். உப்பைக் குறைச்சா அந்தக் கூடுதல் ஈஸ்டையும் விட்டுடலாம், காசும் மிச்சம். மா அடிக்கிற நேரமும் ரெண்டு நிமிஷம் குறையும், பழைய நேரத்துக்கே அடிச்சா மா களைச்சுப் போகும்.

1 சதவீதத்துக்குக் கீழ போகாதீங்க. மா பிசுபிசுன்னு மெஷின்ல ஒட்டும், பாண்ல மாவு வாசம் தூக்கும்.

மாலு பண், ரோல்ஸ், பட்டிஸ் இதுல வெளி மாவைவிட உள்ளுக்கு வைக்கிற கறிதான் உப்பு. டின் மீன் போட்டா அதுலயே உப்பு இருக்கு. டின் தண்ணியை வடிச்சுட்டு, கிழங்கை உப்பில்லாம அவிச்சு, ரெண்டையும் கலந்த பிறகு ருசி பார்த்துப் போடுங்க. கிழங்குக்குத் தனியா, மீனுக்குத் தனியா, வெங்காயம் வதக்க ஒரு தடவைன்னு மூணு இடத்துல போடுற பழக்கம் பல பேக்கரியில இருக்கு.

உணவுத்தொழில்_பேராதனை

மிக்சர் கேள்விக்கு வருகிறேன்.

2019இல் நடைமுறைக்கு வந்த நிறக்குறி ஒழுங்குவிதிப்படி, திண்ம உணவில் 100 கிராமுக்கு 1.25 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் சிவப்பு. 0.25 முதல் 1.25 வரை செம்மஞ்சள். அதற்குக் கீழ் பச்சை. உங்கள் கணக்கில் 10 கிலோவுக்கு 200 கிராம், அதாவது 2 சதவீதம். செம்மஞ்சளுக்குள் வர 125 கிராமுக்கு மேல் போகக்கூடாது. கலப்பதில் ஏற்றத்தாழ்வு இருக்கும் என்பதால் 110 கிராமைக் குறியாக வையுங்கள்.

90 கிராமை எங்கே கழிப்பது? மேலே நாவலப்பிட்டிக்காரர் சொன்ன நியாயமே இங்கும். கடலை மாவுக்குள் போகும் 80 கிராம் உப்பு பெரும்பாலும் வீண். அதை 20 ஆக்குங்கள். மிளகாய்த்தூள் கலவையில் 60ஐ 15 ஆக்குங்கள். மேலே தூவுவதை மட்டும் 60இலிருந்து 75க்குக் கூட்டலாம். மொத்தம் 110. நாக்குக்கு ஏறக்குறைய பழைய மிக்சர்தான்.

ஆனால் மேலே தூவும் உப்பு ஒட்ட வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். சாதாரண உப்பைக் காய்ந்த கிரைண்டரில் மா போல அரைத்து, மாவரிதட்டில் சலித்து எடுங்கள். பரல் பெரிதாக இருந்தால் ஓமப்பொடியின் மேல் நிற்காமல் வழிந்து பக்கெட்டின் அடியில் தங்கும். மேலே சாப்பிடுபவருக்கு உப்பே இல்லை, அடியில் கடைசிப் பிடி வாயில் வைக்க முடியாது. அரைத்த உப்பு சீக்கிரம் கரைவதால் குறைந்த அளவே கூடுதலாக ருசிக்கும். எண்ணெயிலிருந்து வடித்து ஓரிரு நிமிடத்துக்குள், மேற்பரப்பில் எண்ணெய் மினுங்கும்போதே தூவிப் புரட்டுங்கள். ஆறிய பிறகு தூவினால் ஒட்டாது. ஹட்டன் குளிரில் மிக்சர் சடுதியில் ஆறிவிடும், ஆகவே ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் வடிக்க வேண்டாம், அதற்கு 15 கிராம் உப்பை முன்கூட்டியே நிறுத்து வையுங்கள். அரைத்த உப்பைக் காற்றுப் புகாத டப்பாவில், ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வைப்பது நல்லது. இரண்டாம் நாள் கட்டிபடும்.

ருசி இன்னும் எழும்ப வேண்டுமானால் சிட்ரிக் அமிலம் 10 கிலோவுக்கு 20 கிராம் உப்போடு சேர்த்து அரைக்கலாம். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு தெரியாது. பொரித்த கறிவேப்பிலையும் தட்டிய பூண்டும் தாராளமாகப் போடுங்கள். அஜினமோட்டோவைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். உப்பில் 39 சதவீதம் சோடியம், அஜினமோட்டோவில் 12. லீட்டருக்கு 10 கிராம் உப்புப் போடும் சூப்பில் 6 கிராம் உப்பும் 1.5 கிராம் அஜினமோட்டோவும் போட்டால் சோடியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். உப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் அஜினமோட்டோ போடுவதுதான் கெடுதல். பெரும்பாலான கடைகளில் நடப்பது அதுவே.

பக்கெட்டில் நிறத்தை மாற்றுவதற்கு முன் ஆய்வுகூடத்தில் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் செய்கிறார்கள். மூன்று வெவ்வேறு நாளில் பொரித்தவற்றைக் கலந்து மாதிரியாகக் கொடுங்கள். வாங்கிச் சேர்க்கும் பொருள்களின் உப்பையும் மறக்க வேண்டாம். உப்புக் கடலை வாங்கிப் போட்டால் உங்கள் 110 கிராம் கணக்கு உடைந்துவிடும், பச்சைக் கடலை வாங்கிப் பொரியுங்கள்.

வாங்கும் சாமானின் பக்கெட்டையும் படியுங்கள். இறக்குமதிப் பொருள்களில் உப்பு என்று இல்லாமல் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் உப்பு கிராமில் வரும். சோடியம் 800 மில்லிகிராம் என்றால் உப்பு 2 கிராம். சூப் கட்டிகளில் பாதி நிறை உப்பாகவே இருக்கும், 10 கிராம் கட்டி ஒன்று 5 கிராம் உப்பு என்று கணக்கில் வையுங்கள். சோயாமீட்டில் வெறும் துண்டுகளில் உப்பு சொற்பம், கூட வரும் மசாலாப் பொட்டலத்தில்தான் எல்லாம்.

ஒரு எச்சரிக்கை. ஊறுகாய், அச்சாறு, கருவாடு இவற்றில் உப்பு ருசிக்காக மட்டும் இல்லை, கெடாமல் காப்பதும் அதுதான். அங்கே உப்பைக் குறைத்தால் பூஞ்சணமும் கிருமியும் வரும். அவற்றின் செய்முறையில் கைவைக்காமல், தட்டில் வைக்கும் அளவைக் குறையுங்கள்.

கிளினிக்_தாதி

பொட்டாசியம் உப்புப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் தம்பி. கடை முழுக்க மாற்ற வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த உப்பு நல்லதுதான். சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் சோதித்தார்கள். 75 சதவீதம் சாதாரண உப்பு, 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைட் கலந்த உப்பைப் பாவித்தவர்களில் பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021இல் வெளிவந்த முடிவு. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் வெளியேறாது, இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். எனலாப்ரில், லொசார்ட்டன், ஸ்பைரனோலக்டோன் குளிசைகளும் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். உங்கள் கடைக்கு வந்து "உப்புக் குறைச்சு" என்று கேட்பவர்கள் யார்? இந்தக் குளிசைகளை எடுப்பவர்கள்தான். நீண்ட காலம் சீனி வருத்தம் உள்ள பலருக்குச் சிறுநீரகப் பழுது இருப்பது அவர்களுக்கே தெரியாது. பதுளை மாவட்டத்தில் கிராந்துருகோட்டைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது, அங்கிருந்து வந்து போகிறவர்களும் உங்கள் கடையில் சாப்பிடலாம். யாருடைய சிறுநீரகம் எப்படி என்று கடைக்காரருக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பற்றிப் பரிந்துரை வெளியிட்டபோதும், வீட்டில் நாமே போட்டுக்கொள்ளும் உப்பைப் பற்றித்தான் பேசியது. கர்ப்பிணிகள், பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கியே சொன்னது. ஆகவே வீட்டில், வைத்தியரிடம் கேட்ட பிறகு. கடைக் குழம்பில் சொல்லாமல் போடுவது ஆபத்து.

இந்துப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று கூடுதல் விலைக்கு வாங்கிப் போட்டும் பயன் இல்லை. அவற்றிலும் ஏறக்குறைய முழுவதும் அதே சோடியம் குளோரைட்தான், அயடினும் பெரும்பாலும் இல்லை. நம் நாட்டில் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம். கழலை வராமல் காப்பது அது. கடைக்கு மூட்டையில் அயடின் இல்லாத கல்லுப்பு வாங்காதீர்கள். உப்பை மூடி வையுங்கள், ஈரம் பட்டால் அயடின் குறைந்துகொண்டே போகும்.

"மலையில் ஏறி இறங்கி வேர்க்கிறவர்களுக்கு உப்பு வேண்டாமா" என்று கடையில் கேட்பவர்கள் இருப்பார்கள். கொழுந்து எடுப்பவருக்கும் கவ்வாத்து வெட்டுபவருக்கும் வேர்க்கும், உண்மை. அவர்களுடைய பாணிலும் ரொட்டியிலும் கருவாட்டிலும் அதற்கு மேலேயே உப்பு இருக்கிறது. வாந்தி, வயிற்றோட்டம் வந்தவருக்கு ஜீவனி கொடுப்பது வேறு விஷயம். சிறுநீர் போகக் குளிசை எடுக்கும் வயதானவர்களும் உப்பை அடியோடு நிறுத்தக்கூடாது, சோடியம் மிகவும் இறங்கினால் தலைசுற்றி விழுவார்கள். அவர்களுக்கும் தேவைப்படுவது அளவான உப்புத்தான், உப்பே இல்லாத சாப்பாடு இல்லை.

டவுன்கடை_ஹட்டன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. உப்புத் தண்ணி முறையை உடனே தொடங்கலாம் போலிருக்கிறது. இன்னும் இரண்டு விஷயம். காலையில் குழம்பை அளவாக இறக்கினாலும் பகல் ஒரு மணிக்கு உப்புக் கரிக்கிறது. குளிருக்கு எல்லாச் சட்டியும் அடுப்பிலேயே இருக்கும். மேலே உருளைக்கிழங்கு போட்டால் இழுக்கும் என்று சமையல்காரர் சொல்கிறார். அடுத்தது, கட்டா கருவாடும் நெத்தலியும் இங்கே தினமும் போகும். அதில் உப்பை எப்படி இறக்குவது?

சமையல்கட்டு_நாவலப்பிட்டி

கிழங்கு உப்பை மட்டும் தனியா இழுக்காது தம்பி. உப்போட சேர்ந்த தண்ணியை இழுக்கும், மிச்சக் குழம்பு அதே உப்புல நிக்கும். கிழங்கோட சேர்த்துப் பரிமாறினா ஒரு தட்டுக்குக் குழம்பு குறையும், அவ்வளவுதான் லாபம்.

கரிக்கிறதுக்குக் காரணம் தண்ணி வத்துறது. காலையில 10 லீட்டர் குழம்பு நூத்துக்கு 1 கிராமில இருந்தா 100 கிராம் உப்பு. ஒரு மணிக்கு அது 8 லீட்டரா வத்தினா உப்பு அதே 100 கிராம்தான், ஆனா இப்போ நூத்துக்கு 1.25. அதனால காலையில 80 கிராம் மட்டும் போடுங்க, அதாவது உப்புத் தண்ணி 400 மில்லி. மிச்சம் 100 மில்லியை அளந்து பக்கத்துல வைங்க. பகல் வியாபாரத்துக்கு முன்னாடி ருசி பார்த்துத் தேவைன்னா மட்டும் சேருங்க, பெரும்பாலும் தேவைப்படாது. சட்டிக்குள்ள கரண்டிக் காம்புல குழம்பு மட்டத்தைக் கீறி அடையாளம் வச்சுக்குங்க. ஒரு மணிநேரத்துக்கு ஒரு தடவை, பரிமாறினதைக் கழிச்சு, வத்தின அளவுக்குச் சுடுதண்ணி ஊத்துங்க. பச்சைத் தண்ணி ஊத்தினா தேங்காய்ப்பால் திரியும். இன்னும் நல்லது, சட்டியை நேரா நெருப்புல வைக்காம சுடுதண்ணித் தட்டத்துக்குள்ள மூடி போட்டு வைக்கிறது. பருப்புக்கும் இதே முறை. ஒரு கிலோ பருப்பு 4 லீட்டர் கறியாகும், அதுக்கு உப்புத் தண்ணி 160 மில்லிக்கு மேல வேண்டாம். வெள்ளைச் சோத்துக்கு உப்பே போடாதீங்க.

ருசி பார்க்குற ஆளும் முக்கியம். காலையில இருந்து அடுப்படியில நிக்கிறவர் நாக்கு மரத்துப் போயிடும். வெத்திலை போடுறவரா இருந்தா சொல்லவே வேண்டாம், அவர் கைக்கு உப்பு கூடிக்கிட்டே போகும். குழம்பை ஒரு தட்டுல ஊத்தி ஆற விட்டு, தண்ணியில வாய் கொப்பளிச்சுட்டு, காசுப் பெட்டியில இருக்கிறவரையும் சேர்த்து ரெண்டு பேர் பாருங்க. சப்புனு தோணினா முதல்ல தேசிக்காய் அல்லது கொறுக்காய்ப்புளி, அப்புறம் மிளகு, கடைசியா உப்பு. தேசிக்காயை இறக்கின பிறகுதான் விடணும், கொதிக்கும்போது விட்டா கசக்கும்.

கருவாட்டுல நிறையில பத்துல ஒண்ணுல இருந்து அஞ்சுல ஒண்ணு வரைக்கும் உப்பா இருக்கும். 20 கிராம் துண்டு ஒண்ணுல 2 முதல் 4 கிராம். முழுத் துண்டா ஊற வச்சா உள்ள இருக்கிற உப்பு வெளிய வராது. கட்டாவை ஒரு அங்குலத் துண்டா வெட்டி, வெதுவெதுப்பான தண்ணியில 20 நிமிஷம், அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணியில 30 நிமிஷம். நம்ம ஊர்க் குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், அதுல உப்பு மெதுவாத்தான் இறங்கும், அதனால முதல் தண்ணியைச் சுட வைக்கிறது அவசியம். ராத்திரி முழுக்க வெளியில ஊறப் போடாதீங்க, உப்பு போன மீன் கெட்டுப் போகும். நெத்தலி சின்னது, தலையைக் கிள்ளிட்டு ரெண்டு தடவை வெதுவெதுத் தண்ணியில அலசினாப் போதும். அலசினதும் துணியில ஒத்தி எடுத்துடுங்க, ஈரத்தோட எண்ணெயில போட்டா தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது. கருவாட்டுக் கறிக்கு உப்புத் தண்ணி போத்தலைத் தொடாம அடுப்புல ஏத்துங்க. பத்து நிமிஷம் கொதிச்ச பிறகு குழம்பை ருசி பாருங்க, கருவாட்டுல மிஞ்சின உப்பே அதுக்குள்ள குழம்புக்கு இறங்கியிருக்கும்.